இருபத்தொன்பது முகங்கள்

எனக்குப் பொறுமை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியைச் சொல்வது சுலபம். சிதம்பரம் தெற்கு வீதியில் எங்கள் வீட்டு அடுப்படியில், இட்லி வேகும்வரை காத்திருக்க முடியாமல் மூடியைத் திறந்து திறந்து பார்த்து அம்மாவிடம் கரண்டியடி வாங்கியவள் நான். பஸ்ஸில் கண்டக்டர் விசில் ஊதக் கொஞ்சம் தாமதித்தால், "ஏங்க, கெளம்பலாமா, இல்ல வடம் புடிக்க ஆள் வரணுமா?" என்று கேட்டுவிடுவேன். அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது என்பார்கள். என் கை போனது. போய் எதைக் கலைத்தது என்பதைத்தான் ஏழு வருஷத்துக்கு மேல் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

2004-இல் எனக்கு இருபத்துநான்கு வயது. சிதம்பரத்தில் ஒரு சின்ன டேட்டா என்ட்ரி கம்பெனி. அதற்குக் கடலூர் செம்மண்டலத்தில் ஒரு கிளை. கிளை என்றால் மாடியில் இரண்டு அறை, நாலு கம்ப்யூட்டர், ஒரு தொலைபேசி லைன், நான். வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் நோயாளிக் குறிப்புகளைத் தட்டச்சு செய்து சிதம்பரத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே எங்கள் சார் சரிபார்த்து மேலே அனுப்புவார்.

அனுப்புவதற்கு எஸ்.எஃப்.டி.பி. என்று ஒன்று வைத்திருந்தோம். அதில் படமோ பொத்தானோ எதுவும் இருக்காது. கறுப்புத் திரை, அதில் ஒரு சின்னக் கோடு கண் சிமிட்டிக்கொண்டிருக்கும். நாம் அடிக்கிற கட்டளைக்கு மட்டும் பதில் வரும். இங்கிருந்து கிளம்பும் கோப்பை அது பூட்டி, பூட்டியபடியே கம்பி வழியாகக் கொண்டுபோய், சிதம்பரத்துக் கம்ப்யூட்டரில்தான் திறக்கும். நடுவில் எவனாவது கம்பியில் கை வைத்தாலும் குப்பைதான் கிடைக்கும். "சிதம்பர ரகசியம் கேள்விப்பட்டிருப்பீங்க, இது கடலூர் ரகசியம்" என்று புதிதாக வேலைக்கு வரும் பெண்களிடம் பீற்றிக்கொள்வேன்.

எனக்கு அதன் குணம் பிடித்திருந்தது. 'நிச்சயமாகவா? நன்றாக யோசித்தீர்களா?' என்று தொணதொணக்காது. அனுப்பு என்பதற்கு 'புட்' என்று அடித்து ஒரு நட்சத்திரக் குறி போட்டு என்டர் தட்டினால் போதும், எதிரில் இருப்பதையெல்லாம் வரிசையாக அள்ளிக்கொண்டு போகும். கோப்பின் பெயர் ஒரு வரி, பக்கத்தில் சதவீதம் ஏறும், நூறு ஆனதும் அடுத்த வரி. என்னைப் போல அவசரக்காரிக்கென்றே எவனோ உட்கார்ந்து செய்ததுபோல இருந்தது.

சுனாமி அலை வந்தது அந்த டிசம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலை. அதைப் பற்றி எழுத வேண்டியவர்கள் எழுதிவிட்டார்கள். நான் கரையில் இல்லை. சிதம்பரத்தில் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். செவ்வாய்க்கிழமை பஸ் பிடித்துக் கடலூருக்குப் போனபோது, சாருக்குத் தெரிந்த ஒரு தன்னார்வக் குழு எங்கள் கிளையைக் கேட்டு வாங்கியிருந்தது. கரையோரக் கிராமங்களில் உடல்கள் கிடைத்துக்கொண்டே இருந்தன. சொந்தக்காரர்கள் யாரென்று தெரிவதற்குள் புதைத்தாக வேண்டிய நிலைமை. புதைக்கும் முன் ஒரு படம் எடுத்து, ஒரு எண் போட்டு, எங்கே புதைத்தோம் என்று நோட்டில் எழுதிவைப்பது என்று அந்தக் குழு முடிவு செய்தது. பிற்பாடு தேடி வருகிறவர்கள் படத்தைப் பார்த்து, எண்ணைப் பிடித்து, இடத்தைக் கண்டுபிடித்துக்கொள்ளலாம். படங்களை நான் சிதம்பரத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கேதான் கலர் பிரின்டர் இருந்தது.

சார் போனில் சொன்னார். "இந்த முகங்க வழியில எவன் கையிலயும் மாட்டக் கூடாதும்மா. எங்கனா பேப்பர்ல வந்துட்டா அந்தக் குடும்பத்துக்கு அதைவிடக் கேவலம் வேற இல்ல. நம்ம பூட்டுலயே அனுப்பு."

குழுவிடம் இரண்டு கேமரா இருந்தது. ஒன்று வடக்கே போனது, இன்னொன்று தெற்கே. ஒவ்வொரு கேமராவுக்கும் ஒரு நோட்டு. நோட்டில் மூன்றே பத்தி: படத்தின் எண், கண்டெடுத்த இடம், புதைத்த இடம். ஆணா பெண்ணா, என்ன உடை என்று எழுதவில்லை. அதைத்தான் படம் சொல்லுமே என்று விட்டுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நின்று எழுத நேரமில்லாத இடத்தில் நின்று எழுதியவர்கள் அவர்கள்.

வடக்கே போனவர் பத்து மணிக்கு மாடி ஏறி வந்தார். முழங்கால்வரை சேறு. கேமராவிலிருந்து உருவிய மெமரி கார்டை நீட்டினார். "சீக்கிரம் காலி பண்ணிக் குடும்மா. நோட்ட எடுத்துனு நான் சிதம்பரம் போவணும்."

எது வந்தாலும் எங்கள் கம்ப்யூட்டரில் முதலில் ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு அப்புறம்தான் அனுப்ப வேண்டும் என்பது கம்பெனி முறை. நான் எடுக்கவில்லை. கார்டிலிருந்து நேராகவே அனுப்பினேன். நகல் எடுத்தால் அந்தப் படங்கள் என் கம்ப்யூட்டரிலேயே இருக்கும், கை தவறி ஒன்றைத் திறந்துவிட்டால் பார்க்க வேண்டிவரும் என்று பயம். கறுப்புத் திரையில் முகம் தெரியாது. எண்ணும் சதவீதமும்தான் தெரியும். பாதி பயம், பாதி அவசரம். நாற்பத்தொரு வரி ஓடி முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார். எழுப்பி, கார்டில் இருந்த படங்களையெல்லாம் அழித்துக் கையில் கொடுத்தேன். அவர் தன் நோட்டை எடுத்துக்கொண்டு அப்படியே சிதம்பரம் பஸ் ஏறினார்.

தெற்கே போனவர் மத்தியானம் வந்தார். அவர் கார்டில் இருபத்தொன்பது. அதே கட்டளை, அதே இடத்துக்கு. ஒன்று, நூறு சதவீதம். இரண்டு, நூறு சதவீதம். ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். முடிந்ததும் அந்தக் கார்டையும் காலி செய்தேன். அவருக்கு அன்றைக்கே பெங்களூர் திரும்ப வேண்டியிருந்தது. நோட்டை என் மேஜைமேல் வைத்துவிட்டு, "சார்கிட்ட குடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டும் ஒரே கடையில், ஒரே நாளில் வாங்கிய ஒரே மாதிரிக் கேமரா. இரண்டும் தன் முதல் படத்துக்கு ஒன்று என்றுதான் பெயர் வைக்கும். இது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. ஒரே பெயரில் ஒரு கோப்பு ஏற்கெனவே அங்கே இருந்தால் அந்தக் கட்டளை ஒரு வார்த்தை கேட்காது. பழையதன்மேல் புதியதை எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும்.

சாயங்காலம் கிளம்பும் முன், எத்தனை போய்ச் சேர்ந்திருக்கிறது என்று பட்டியல் போட்டுப் பார்த்தேன். எழுபது இருக்க வேண்டும். நாற்பத்தொன்று இருந்தது. மறுபடி போட்டேன். நாற்பத்தொன்று. ஒன்றிலிருந்து இருபத்தொன்பதுவரை மத்தியானத்து நேரம் காட்டியது. முப்பதிலிருந்துதான் காலை நேரம். வடக்கே கிடைத்த இருபத்தொன்பது பேரின் முகம் இனி உலகத்தில் எந்த இடத்திலும் இல்லை. உடலை மண்ணில் போட்டவர்கள் முகத்தை என்னிடம் கொடுத்தார்கள். நான் அதை ஒருமுறைகூடப் பார்க்காமல் அழித்துவிட்டேன்.

போன் அடித்தது. சார். குரலில் அவ்வளவு திருப்தி. "நாப்பத்தொண்ணு படம் வந்துருக்கும்மா. இவரு கொண்டாந்த நோட்டுலயும் நாப்பத்தொண்ணு. கரெக்டா டேலி ஆவுது. ஆல்பம் போட்டுடறேன். ரெண்டாவது கேமரா என்னாச்சு?"

இங்கேதான் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். வாய் கிழியப் பேசுகிறவள். அன்றைக்கு என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "அதுல ஒண்ணும் சரியா விழல சார்."

"சரி வுடு. பாவம், அவங்க இன்னா பண்ணுவாங்க" என்றார்.

நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம், வேலை போனாலும் போகட்டும், காலையில் முதல் வேலையாகச் சொல்லிவிடுவது என்று நினைத்துக்கொண்டுதான் பஸ் ஏறினேன். காலையில் சாருக்குக் காய்ச்சல். அடுத்த நாள் ஆல்பம் பஸ்ஸில் வந்து சேர்ந்தது. ஒவ்வொரு படத்தின் கீழும் சாரின் அழகான கையெழுத்தில் எண், கண்டெடுத்த இடம், புதைத்த இடம். நாற்பத்தொரு வரி. அதில் முதல் இருபத்தொன்பதும் தெற்கில் கிடைத்தவர்களின் முகம், வடக்கில் கிடைத்தவர்களின் இடம். அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியுமா?

ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஒவ்வொருவருக்கும் நான்தான் பக்கம் திருப்ப வேண்டும். கறுப்புத் திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எந்த முகங்களைப் பார்க்காமல் தப்பித்தேனோ அவற்றை இப்போது ஒரு நாளைக்கு நூறு தடவை பார்த்தேன். ஒரு பெரியம்மா மூன்று முறை முதலிலிருந்து கடைசிவரை திருப்பச் சொன்னார். மூன்றாவது முறை முடிந்ததும், "எம் புள்ள இதுல இல்ல. அப்ப அவன் எங்கியோ உசுரோட கீறான், இல்ல?" என்று என்னைக் கேட்டார். நான் தலையாட்டினேன். அவர் பிள்ளை அந்த இருபத்தொன்பதில் ஒருவனா என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதுதான் இன்றைக்கும் என் நெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது.

ஐந்தாம் நாள் அவர் வந்தார். முப்பது வயதிருக்கும், தெற்குப் பக்கத்து மீனவக் கிராமம். அலை வந்தபோது அவர் ஆழத்தில் இருந்தார். ஆழத்தில் இருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை, படகை லேசாகத் தூக்கிப்போட்டது என்றார். கரைக்கு மீன் எடுக்க வந்த அவர் மனைவியை அலை கொண்டுபோய்விட்டது. ஐந்து வயது மகள் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்ததால் பிழைத்தது. நான் பக்கம் திருப்பினேன். பதினேழாம் எண்ணில் அவர் விரல் நின்றது. ஒரு பெண், இருபத்தைந்துக்குமேல் இருக்காது, புருவத்தில் மணல்.

"இவதான்" என்றார். படத்தில் அந்த மணலை விரலால் தடவினார். அப்புறம், "எங்க போட்டுக்கீறாங்க?" என்றார்.

படத்தின் கீழே எழுதியிருந்ததைப் படித்தேன். உப்பனாற்றங்கரை, வடக்கு மேடு.

அவர் முகத்தைச் சுருக்கினார். "அவ தெக்கதானே நின்னுக்குனு இருந்தா. அவ்ளோ தூரம் வடக்க எப்டி மேடம் போவா?"

தெற்கு நோட்டு என் கை எட்டும் தூரத்தில், மேஜை டிராயரில் இருந்தது. அதில் பதினேழாம் வரி எனக்கு மனப்பாடம். சவுக்குத் தோப்பு, தெற்கு ஓரம், கிணற்றிலிருந்து இருபது அடி. டிராயரை இழுத்து ஒரு வரி காட்டினால் போதும். ஆனால் காட்டினால் மற்ற இருபத்தெட்டும் வெளியே வரும். நான் பொய் சொன்னது வெளியே வரும். வாசலில் வரிசையாக நிற்கிற இத்தனை பேரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். முழங்காலால் டிராயரை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவரே தனக்குப் பதில் சொல்லிக்கொண்டார். "கடலு எங்க வேணா இழுத்துனு போவும். அது இன்னா நம்ம கேட்டுக்குனா போவுது."

பிறகு என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நீ நல்லாருக்கணும் தங்கச்சி. எங்க ஊருல பாதிப் பேருக்கு எங்க போட்டாங்கன்னே தெரியல. எனக்குப் பாலு ஊத்த ஒரு எடத்தக் காட்டிட்ட." மேடம் போய் அந்த நிமிஷத்தில் தங்கச்சி ஆனேன். அந்த வார்த்தை என்னைச் செருப்பால் அடித்தது.

அன்றைக்கே சொல்லாததை அப்புறம் எந்த நாளில் சொல்வது? ஒவ்வொரு நாளும் தள்ளத் தள்ள அது கனத்துக்கொண்டே போனது. அந்த ஆல்பத்தை வைத்து இன்னும் எத்தனை பேர் தப்பான மண்ணில் போய் அழுதார்கள் என்று எனக்குத் தெரியாது. தங்கள் ஆளைக் கண்டுபிடித்தவர்கள் சிலர் இருந்தார்கள். அவர்களை நான் எண்ணவில்லை. ஒரு மாதத்தில் ஆல்பத்தை யாரோ வாங்கிப் போனார்கள். சிதம்பரத்துக் கம்ப்யூட்டரையும் பிறகு கழித்துக்கட்டினார்கள். தெற்கு நோட்டு மட்டும் என்னிடமே தங்கிவிட்டது. கல்யாணமாகி கீழ வீதிக்குப் போனபோது, புடவைகளுக்கு அடியில் அதையும் கொண்டுபோனேன். என் வீட்டுக்காரர் ஒருமுறை எடுத்துப் பார்த்து, "என்ன இது, பழைய ஆபீஸ் கணக்கா?" என்றார். "அதை வைங்க" என்று நான் போட்ட கூச்சலில் பால்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

வேலையில் ஆளே மாறிப்போனேன். அனுப்புவதற்கு முன் எண்ணுவேன், அனுப்பிய பின் எண்ணுவேன், நகலுக்கு நகல் எடுப்பேன். "என்னாம்மா, ஜாஸ்திதான் பண்ற" என்று சார் கிண்டல் செய்வார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். பதினேழு என்ற எண்ணை என்னால் கேட்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் டோக்கன் பதினேழு என்று கூப்பிட்டால், என் டோக்கன் இருபதாக இருந்தாலும் எழுந்து நின்றுவிடுவேன். திரையில் சதவீதம் ஏறுவதைப் பார்த்தால், ஒவ்வொரு நூறும் ஒரு முகத்தின்மேல் மண் விழுகிற மாதிரி இருக்கும். பார்த்த முகங்களைவிடப் பார்க்காத முகங்கள்தான் என்னைத் துரத்தின. பார்த்த முகமென்றால் அது வந்து நிற்கும்போது இன்னார் என்றாவது தெரியும். இவர்களுக்கு நான் எந்தக் கண்ணை வைப்பது, எந்த மூக்கை வைப்பது? கோயில் கூட்டத்தில் முன்னால் நடக்கிறவர்களின் முதுகையெல்லாம், திரும்பினால் முகம் இருக்குமா என்று பார்த்துக்கொண்டே நடப்பேன்.

அந்த மீனவர் வருஷம் தவறாமல் வந்தார். முதல் வருஷம் ஒரு பெரிய வஞ்சிரம் கொண்டுவந்தார். நாங்கள் சைவம் என்றதும் நாக்கைக் கடித்துக்கொண்டு, அடுத்த வருஷத்திலிருந்து பலாப்பழக் காலத்தில் பண்ருட்டிக்குப் போய் ஒரு முழுப் பழத்தைத் தோளில் சுமந்து வந்தார். கடலூர்க் கிளையை மூடிவிட்டு நான் சிதம்பரத்துக்கே வந்த பிறகும் விடவில்லை. "தங்கச்சி மீனு துன்னாது, பலா துன்னும்" என்று சாரிடம் பெருமையாகச் சொல்வார். ஒரு சுளைகூட என் தொண்டையில் இறங்கியதில்லை. தெரு முழுக்கக் கொடுத்துவிடுவேன். "உங்க அண்ணன் வரலியாடி இன்னும்?" என்று பக்கத்து வீட்டு மாமி ஆனி மாதமே கேட்க ஆரம்பித்துவிடுவார்.

மூன்றாம் வருஷம் மனைவியின் தங்கையைக் கட்டிக்கொண்டதாகச் சொன்னார். மார்கழித் திருவாதிரைக்குச் சிதம்பரம் வந்தபோது அவளை அழைத்துவந்தார். கூட அந்த மகளும். புது மனைவி அதிகம் பேசவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க அக்காவைத் தேடிக் குடுத்தது நீங்கதானாம்" என்றாள். அடுத்த திருவாதிரைக்கு அவள் இடுப்பில் ஓர் ஆண் குழந்தை. எனக்கு அன்றைக்கு ஒரு நிம்மதி வந்தது. அவர் வாழ்க்கை நேராகிவிட்டது, இனி இதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது, சிவனே என்று விட்டுவிடலாம் என்று எனக்கு நானே மன்னிப்புக் கொடுத்துக்கொண்டேன்.

2011 கடைசியில் புயல் வந்தது. முந்திரியும் பலாவும் வேரோடு போயின. அடுத்த மாதம் கடலூருக்கு ஒரு சாவுக்குப் போனவள், பஸ்ஸிலிருந்து கண்ணில் பட்டதால் பாதி வழியில் இறங்கிவிட்டேன். பதினேழாம் வரியின் சவுக்குத் தோப்பு படுத்துக் கிடந்தது. ஜே.சி.பி. ஒன்று மரங்களை ஒதுக்கிக்கொண்டிருந்தது. என்னவென்று விசாரித்தேன். "எல்லாத்தியும் நெரவி பிளாட் போடப் போறாங்க" என்றார் டிரைவர். கிணற்றைப் பாதி மூடியிருந்தார்கள். இன்னும் ஒரு வாரம் விட்டால், அவள் எங்கே இருக்கிறாள் என்று காட்ட ஓர் அடையாளமும் இருக்காது. நான் அந்த இடத்திலேயே நின்று அவருக்குப் போன் செய்தேன்.

வந்தார். கிணற்றடியில் உட்கார்ந்தோம். கடலூர் போகிற நாளெல்லாம் பையில் எடுத்துப்போகிற தெற்கு நோட்டை அவர் கையில் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். கேமரா, கட்டளை, பட்டியல், சாரிடம் சொன்ன பொய், டிராயர். பூட்டு, சதவீதம் எல்லாம் அவருக்குப் புரிந்திருக்காது. ஆனால் பதினேழாம் வரியை விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தார். அவர் என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அண்ணே, எதுனா சொல்லுங்கண்ணே" என்று நான்தான் அழுதேன்.

அந்த வரியில் விரலை வைத்தபடியே பேசினார். "எங்க மாமியாரு, மச்சான், எல்லாரும் அவ தங்கச்சியவே கட்டிக்கோன்னு சொன்னாங்க. அது ஒத்துக்கல. அக்கா சரின்னு சொன்னாதான் கட்டிப்பேன்னுச்சு. நாங்க மூணு பேரும் அந்த மேட்டுக்குப் போனோம். வெள்ளப் பூ ஒரு பொட்டணம், செவப்புப் பூ ஒரு பொட்டணம் மடிச்சிப் போட்டு, எம் பொண்ண ஒண்ணு எடுக்கச் சொன்னோம். வெள்ள வந்தா சரி, செவப்பு வந்தா வேணாம். வெள்ளதான் வந்துச்சு." நோட்டை மூடினார். "அப்ப அன்னிக்குச் சரின்னு சொன்னது யாரு, தங்கச்சி?"

அவர் எழுந்து, இருபது அடி தள்ளி இருந்த மண்ணைக்கூடப் பார்க்காமல், ரோட்டுக்கு நடந்துவிட்டார். நோட்டையும் கொண்டுபோனார். புயலில் மரங்கள் போனதால் அந்த வருஷம் பலா இல்லை. இருந்திருந்தாலும் வந்திருக்க மாட்டார்.

டிசம்பரில் அலை வந்த நாள் திரும்ப வந்தது. எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. ஒரு சொம்பு பாலோடு கடலூர் பஸ் ஏறினேன். தோப்பு இருந்த இடத்தில் எல்லைக் கற்கள் நட்டிருந்தார்கள். ஓர் ஓரத்தில் மட்டும் யாரோ நாலு செங்கல்லை வைத்து மண்ணைக் கூட்டியிருந்தார்கள். அதன் பக்கத்தில் அவர் மனைவி தனியாக உட்கார்ந்திருந்தாள். அவர் வரவில்லை.

"அந்த மேட்டுக்கும் போவல, இங்கயும் வரல" என்றாள். "பதினோரு மாசமா வெளித் திண்ணையில படுக்குறாரு. மூஞ்சி குடுத்துப் பேச மாட்டேங்குறாரு. அக்காவை நாம கேக்கவே இல்லியேடின்றாரு. சரி, இப்பக் கேக்கலாம், வாயான்னேன். செவப்பு வந்துட்டா புள்ளைய இன்னா பண்றதுன்றாரு. அதான் நானே வந்துட்டேன்."

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். வாழை நாரில் கட்டிய இரண்டு பொட்டலம். இரண்டையும் மண்மேல் வைத்துக் கலைத்தாள்.

"நீங்க எடுங்கக்கா. நீங்களே பிரிச்சிப் பாத்துச் சொல்லுங்க. என்னால முடியாது."

"நான் வேணாம்மா. என் கை ஆவாது" என்றேன். என் கை செய்ததெல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டாள்.

"எங்க அக்கா மூஞ்சியக் கடைசியா எடுத்துக் குடுத்தது உங்க கைதானே. எடுங்கக்கா."

அவள் கடல் பக்கம் திரும்பிக்கொண்டு கண்ணை மூடினாள். நான் ஒன்றை எடுத்தேன். நார் அவிழவில்லை, பல்லால் கடித்து இழுத்தேன். இலைக்குள் இருந்தது செவ்வரளி.

அவளுடைய முதுகைப் பார்த்தேன். ரவிக்கையின் ஒரு தையல் பிரிந்து, ஊக்குக் குத்தியிருந்தது. அடுத்த பொட்டலம் மண்மேல் கிடந்தது.

"என்னாக்கா?" என்றாள் திரும்பாமல்.

"வெள்ளைதாம்மா" என்றேன்.

அவள் குனிந்து, நெற்றி மண்ணில் படக் கும்பிட்டு, குலுங்கிக் குலுங்கி அழுதாள். அந்த நேரத்துக்குள் கையிலிருந்ததைப் பைக்குள் போட்டுக்கொண்டு, கிடந்த பொட்டலத்தைப் பிரித்து வெள்ளைப் பூவை அந்த இடத்தில் வைத்தேன். இந்த முறை நான் பார்த்துவிட்டுத்தான் மாற்றினேன்.